5 எச்.பி. மோட்டாரில் விறகு பிளக்கும் ஹைட்ராலிக் மிஷின்: டிப்பர் ஜாக்கியும் 6 இஞ்ச் பீமும் போதுமா?

விறகுமண்டி:
வணக்கம். விறகு மண்டிக்கு ஹைட்ராலிக்கில் பிளக்கிற மிஷின் ஒன்று பட்டறையிலேயே கட்டலாம் என்று இருக்கிறோம். மரம் பெரும்பாலும் சீமைக் கருவேலத் தூர், வேம்பு, இடையிடையே புளி. விட்டம் 15 இஞ்ச் வரை வரும். நீளம் ஒன்றரை அடி முதல் 2 அடிக்குள். கல்யாண மண்டபம், ஹோட்டல் அடுப்புக்குப் போகிற விறகு என்பதால் நாலு இஞ்ச் கனத்துக்குப் பிளந்தால் போதும்.

கையில் இருப்பவை: பழைய டிப்பரில் கழற்றிய ஜாக்கி ஒன்று (மூன்று அடுக்காக நீளும்), 6 இஞ்ச் ஐ-பீம் 8 அடி, டிராக்டர் கியர் பம்ப் ஒன்று (பெயர்த்தகடு இல்லை), 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் 1440 ஆர்.பி.எம்., 20 லிட்டர் எண்ணெய் டின்.

இதை வைத்தே முடியுமா? எத்தனை டன் வேண்டும்? பட்டறைக்காரர் "20 டன் போட்டுருவோம்" என்கிறார். 5 எச்.பி. அதை இழுக்குமா?

லேத்பட்டறை:
அண்ணே, மோட்டாரைத் தவிர மத்ததை எல்லாம் ஓரமா எடுத்து வையுங்க.

முதல்ல ஜாக்கி. டிப்பர் ஜாக்கி சிங்கிள் ஆக்டிங். எண்ணெய் அதைத் தள்ள மட்டும்தான் செய்யும், திரும்ப உள்ளே போறது லோடு பாடியோட எடையில. படுக்க வச்சீங்கன்னா வெளிய வந்தது வெளியவே நிக்கும். ஸ்பிரிங் போட்டு இழுக்கலாம்னு யாராச்சும் சொல்வாங்க, கேக்காதீங்க. அதைவிடப் பெரிய வினை, ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு விட்டம். கட்டை கணுவில் மாட்டி முக்குற நேரத்துல சின்ன அடுக்குக்கு வந்திருக்கும், பலம் பாதியாயிடும். பக்கவாட்டுத் தள்ளல் கொஞ்சம் வந்தாலும் அடுக்கு கோணி சீல் போயிடும்.

வேண்டியது டபுள் ஆக்டிங் சிலிண்டர், போறதும் வர்றதும் எண்ணெயாலயே நடக்கும். போர் (உள்விட்டம்) 100 மி.மீ., ராடு 50 மி.மீ., ஸ்ட்ரோக் (ராடு நகர்ற தூரம்) 600 மி.மீ. புதுசா செய்யலாம். பழைய இரும்புக் கடையில் ஜே.சி.பி. பக்கெட் சிலிண்டர் வரும், அதுவும் டபுள் ஆக்டிங்தான். வாங்குறப்ப ராடை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. குரோம் உரிஞ்சு புள்ளி புள்ளியா துரு இருந்தா சீல் மாத்தி மாத்தியே சலிச்சுப் போவீங்க. ராடு 45-க்குக் கீழ வேண்டாம், முழுசா நீண்டு நிக்கும்போது வளையும்.

பீம் விஷயத்தைக் கணக்குப்பிள்ளை சொல்லட்டும், அவருக்குத்தான் அதுல ருசி.

கணக்குப்பிள்ளை:
ருசி இருக்கட்டும், கணக்கு இதோ.

100 மி.மீ. போர் என்றால் பிஸ்டன் பரப்பு 78.5 சதுர செ.மீ. 160 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு) 78.5 × 160 = 12,560 கிலோ, அதாவது பன்னிரண்டரை டன். உங்கள் மரத்துக்கு இது போதும். 20 டன் வேண்டுமானால் போர் 125-க்கு மேல் போக வேண்டும். பரப்பு கூடினால் அதே பம்பில் வேகம் அதே விகிதத்தில் குறையும். விறகுக் கடையில் டன்னைவிட ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கட்டை என்பதுதான் காசு.

பீம்: சிலிண்டரின் மையக்கோடு பீமின் மேல்பரப்பிலிருந்து 75 மி.மீ. உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரும் ஆப்பும் பீமின் இரண்டு முனைகளைப் பிரித்துத் தள்ளுகின்றன. தள்ளும் கோடு பீமுக்கு மேலே இருப்பதால் இழுவையோடு வளைவும் சேர்கிறது.

உங்கள் 6 இஞ்ச் பீம் (ஐ.எஸ்.எம்.பி. 150): மையம் வரை 15 செ.மீ. 12,560 × 15 = 1,88,400 கிலோ-செ.மீ. இதை செக்‌ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்கும் அளவு) 96.9-ஆல் வகுத்தால் 1,944. நேர் இழுவை 12,560 ÷ 19 = 661. மொத்தம் சதுர செ.மீ.க்கு 2,600 கிலோ. சாதாரண எம்.எஸ். இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்குவதே 2,550 அளவில். முதல் புளியங்கட்டையிலேயே முதுகு தூக்கிவிடும்.

8 இஞ்ச் பீம் (ஐ.எஸ்.எம்.பி. 200): 12,560 × 17.5 ÷ 223.5 = 983. நேர் இழுவை 12,560 ÷ 32.3 = 389. மொத்தம் 1,370 சொச்சம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும். 7 அடிக்கு எடை 54 கிலோ வரும். கட்டை பெரிதாகி ஆப்பின் மேல்பகுதியில் சுமை ஏறினால் கணக்கு இன்னும் மோசமாகும், எனவே இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பம்ப்: ஒரே வாய்ப்பாடு போதும். நிமிடத்துக்கு லிட்டர் × பிரஷர் ÷ 380 = எச்.பி. (பம்பின் இழப்பும் சேர்த்து.) பெயர்த்தகடு இல்லாத பம்பில் எண்ணெய் ஊற்றி, சரியான திசையில் கையால் 10 சுற்று சுற்றி, வெளியே வருவதை அளவு ஜாடியில் பிடித்து 10-ஆல் வகுங்கள். ஏறக்குறைய அதுதான் ஒரு சுற்றுக்கான சி.சி. உதாரணமாக 16 சி.சி. என்றால் 1440 சுற்றில் 23 லிட்டர். 23 × 160 ÷ 380 = 9.7 எச்.பி. உங்கள் மோட்டார் நின்றுவிடும். 5 எச்.பி.க்குள் அடங்க வேண்டுமென்றால் அந்தப் பம்பில் 82 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆறரை டன்தான் கிடைக்கும்.

சின்னதாக 8 சி.சி. பம்ப் போட்டால் 11.5 லிட்டர். 160-இல் 4.8 எச்.பி. சரி. ஆனால் சிலிண்டர் நிரம்ப 4.7 லிட்டர் வேண்டும்: முன்னால் போக 25 நொடி, திரும்ப 18 நொடி. கட்டைக்கு முக்கால் நிமிடம் என்றால் ஆள் கோடாலியை எடுத்துவிடுவான்.

இதற்கு வழி டபுள் பம்ப். 20 சி.சி.யும் 8 சி.சி.யும் ஒரே ஷாஃப்டில். காலியாக நகரும்போது இரண்டும் சேர்ந்து 40 லிட்டர், முன்னால் போக 7 நொடி, திரும்ப ஐந்தரை நொடி. பிரஷர் 40-ஐத் தொட்டதும் அன்லோடிங் வால்வு திறந்து 20 சி.சி. பம்பின் எண்ணெயை டேங்குக்கே திருப்பிவிடும். 8 சி.சி. மட்டும் 160 வரை முக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு செக் வால்வு (எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடுவது) இருந்தே ஆக வேண்டும். இரண்டு நிலையிலும் மோட்டாருக்கு 5 எச்.பி.க்குள்தான் வேலை. நேரான நாருள்ள வேம்பு பெரும்பாலும் முதல் 3 டன்னிலேயே பிளந்துவிடும், இரண்டாவது நிலை தூருக்கும் கணுவுக்கும்தான்.

செக்குமாடு:
இவ்வளவு எதற்கு? மோட்டாரில் திருகுக் கூம்பு மாட்டினால் கட்டையைத் தொட வைத்தாலே பிளக்குமே. செலவு கால்வாசி.

லேத்பட்டறை:
பிளக்கும். கணு மாட்டினா கட்டையும் சேர்ந்து சுத்தும், கட்டையைப் பிடிச்ச கையும் சேர்ந்து சுத்தும். ஹைட்ராலிக்கில் லீவரை விட்டா நிக்கும். கூலிக்கு ஆள் வச்சு ஓட்டுற இடத்துல கூம்பு வேண்டாம்.

விறகுமண்டி:
பீம், சிலிண்டர், பம்ப் மூன்றும் புரிந்தது, மாற்றிவிடுகிறோம். ஆப்பை எங்கே வைப்பது, ராடு முனையிலா பீம் முனையிலா? அது எத்தனை கனம், எந்த ராடு போட்டு வெல்டு வைப்பது? பிறகு வால்வு, ஹோஸ், டேங்க் அளவு யாராவது சொல்லுங்கள்.

லேத்பட்டறை:
ஆப்பு பீம் முனையில நிலையா இருக்கட்டும். பிளந்தது அப்படியே முன்னால விழுந்துடும், அடுத்த கட்டை வந்து மாட்டிக்கிட்டதையும் தள்ளிடும். ராடு முனையில ஆப்பு வச்சா மாட்டின கட்டையை உருவ தனியா தடுப்புத் தகடு வேணும்.

25 மி.மீ. பிளேட், உயரம் 220, பீமோட நீளவாக்குல அடி 300. முனை 30 டிகிரிக்குச் சீவினாப் போதும், கத்தி மாதிரி தீட்டாதீங்க, மடங்கும். வெட்டுறது முனையோட வேலை இல்லை, வாயைத் திறந்து விடுறதுதான். முனைக்கு 80 மி.மீ. பின்னால ரெண்டு பக்கமும் 12 மி.மீ. தகட்டைச் சாய்வா வச்சு மொத்த அகலத்தை 75 வரைக்கும் கூட்டுங்க. நார் விடாத கட்டை அங்கதான் பிரியும். ஆப்போட மேல்நுனி அடியைவிட 5 மி.மீ. கட்டைப் பக்கம் சாஞ்சிருந்தா கட்டை பீமோட அமுங்கி நிக்கும். பின்பக்கம் சாஞ்சா கட்டை மேல ஏறும்.

வெல்டிங்தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். கேட்டு, கிரில் அடிக்கிற 6013 ராடு இங்க ஆகாது. 7018 ராடு, அதுவும் அடுப்புல நல்லா காய வச்சது. ஆப்போட அடியை ரெண்டு பக்கமும் சாய்ச்சு அரைச்சு, வேர் வரைக்கும் இறங்குற மாதிரி மூணு நாலு ஓட்டம். பின்னால முக்கோணத் தாங்கு ரெண்டு, 16 மி.மீ. பிளேட்டில். ஆப்புக்கு நேர் கீழ பீமோட வயித்துலயும் ரெண்டு பக்கம் தடுப்புத் தகடு வைங்க, இல்லேன்னா மேல் ஃபிளாஞ்ச் மட்டும் தனியா சுருண்டு எழும். சிலிண்டர் பின் மவுண்டுக்கும் இதே கதைதான்.

சிலிண்டரை ரெண்டு பக்கமும் வெல்டு வச்சு இறுக்காதீங்க. பின்னால 40 மி.மீ. ஈ.என்.8 இரும்புப் பின்னுல ஆடட்டும். முன்னால தள்ளுற தகடு 25 மி.மீ., அதோட காது பீம் ஃபிளாஞ்சுக்கு அடியில பிடிச்சு வழுக்கணும், இடைவெளி ஒன்றரை மி.மீ. கட்டை கோணினா அந்தச் சுமையைப் பீம் வாங்கணும், ராடு வாங்கக் கூடாது. ராடு முழுசா நீண்டாலும் தகடு ஆப்பைத் தொடாம 25 மி.மீ. முன்னாலயே நிக்கணும்.

நாலு பக்கம் பிளக்கிற கூட்டல் ஆப்பு ஆசைப்பட்டு வைக்காதீங்க. பன்னிரண்டரை டன்னுக்கு வேம்புக்கு ஓடும், புளிக்கு ஓடாது.

ஆயில்சீல்:
வால்வு: கை லீவர் உள்ள சிங்கிள் ஸ்பூல் மோனோபிளாக், ஓப்பன் சென்டர் (லீவர் நடுவில் நின்றால் எண்ணெய் டேங்குக்கே திரும்பும்), உள்ளேயே ரிலீஃப் (பிரஷர் வரம்பைத் தாண்டினால் எண்ணெயைத் திறந்துவிடும் வால்வு) இருப்பது. பழைய பிரஸ்ஸிலிருந்து சோலனாய்டு (கரண்டில் இயங்கும்) வால்வு கிடைத்தால் வாங்கி மாட்டிவிடாதீர்கள். அது குளோஸ்டு சென்டராக இருந்தால் லீவர் நடுவில் நிற்கும்போதும் எண்ணெய் முழுப் பிரஷரில் ரிலீஃப் வழியாகப் போய் அரைமணியில் கொதிக்கும்.

வால்வின் அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. பம்ப் 40 லிட்டர்தானே என்று 40 லிட்டர் வால்வு வாங்குவார்கள். ராடு திரும்பும்போது 40 உள்ளே போனால் பிஸ்டனின் மறுபக்கத்திலிருந்து 53 லிட்டர் வெளியே வரும், ராடு அடைத்த இடம் அந்தப் பக்கம் இல்லையே. எனவே 60 லிட்டர் தாங்குகிற வால்வு. திரும்பும் லைன் முக்கால் இஞ்ச்.

பிரஷர் ஹோஸ் அரை இஞ்ச், இரட்டைக் கம்பி (ஆர்2). ஒற்றைக் கம்பி ஆர்1 அரை இஞ்சின் வரம்பே 160தான், வரம்பிலேயே தினமும் ஓட்டுவது சரியில்லை. சக்‌ஷன் (பம்ப் எண்ணெய் உறிஞ்சும் குழாய்) ஒன்றேகால் இஞ்ச், முடிந்தவரை குட்டையாக, டேங்க் பம்புக்கு மேலே. சக்‌ஷனில் 1 இஞ்ச் போட்டாலே பம்ப் கரகரக்க ஆரம்பிக்கலாம்.

20 லிட்டர் டின்னை மறந்துவிடுங்கள். குறைந்தது 60, வைக்க இடம் இருந்தால் 80 லிட்டர். திரும்பும் குழாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும், சக்‌ஷனுக்கும் அதற்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. இல்லையென்றால் நுரையையே பம்ப் மறுபடி குடிக்கும். சக்‌ஷனில் கம்பி வலை ஸ்ட்ரெய்னர், திரும்பும் லைனில் 25 மைக்ரான் ஃபில்டர். எண்ணெய் 68 நம்பர் ஹைட்ராலிக். ஊட்டி, கொடைக்கானல் குளிரென்றால் 46.

முக்கியமாக, பி.எஸ்.பி. (குழாய் மரை) இணைப்புகளுக்கு டவுட்டி வாஷர் (உள்விளிம்பில் ரப்பர் உள்ள இரும்பு வாஷர்) போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றவே வேண்டாம். அதன் துணுக்கு உள்ளே போனால் எந்த வால்வில் உட்காரும் என்று சொல்ல முடியாது.

முதல் ஓட்டம்: டேங்கை உள்ளே நன்றாகத் துடைத்து (பஞ்சு வேண்டாம், நார் விடாத துணி), பம்ப் வாயில் எண்ணெய் ஊற்றி, ரிலீஃப் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு மோட்டாரைத் தட்டித் தட்டி விடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா ஓடட்டும். கட்டை இல்லாமல் ஆறேழு முறை முழு ஸ்ட்ரோக், காற்று போய்விடும். பிறகு ராடை முட்டவிட்டு, 0–250 கேஜைப் பார்த்தபடி ரிலீஃபைக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி 160-இல் லாக் நட். எண்ணெய் மட்டம் பார்ப்பது எப்போதும் ராடு உள்ளே இருக்கும்போது. வெளியே இருக்கும்போது நிரப்பினால் திரும்பி வருகையில் 1.2 லிட்டர் கூடுதலாக வந்து மூடி வழியே வழியும்.

ஹோஸில் ஊசித்துளைக் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அட்டையை நீட்டிப் பாருங்கள். இந்தப் பிரஷரில் எண்ணெய் தோலுக்குள் ஏறும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல்தான் இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரல் போய்விடும்.

ஃபேஸ்நியூட்ரல்:
கரண்ட் பக்கம் யாரும் பேசவில்லை. கியர் பம்புக்குத் திசை உண்டு. தலைகீழாகச் சுற்றினால் ஷாஃப்ட் சீல் பிதுங்கி வெளியே வரும். த்ரீ பேஸில் இரண்டு ஒயர் மாறினாலே மோட்டார் திரும்பிச் சுற்றும். லைனில் வேலை பார்த்துவிட்டு ஈ.பி. ஆட்கள் போனதும் ஃபேஸ் வரிசை மாறியிருக்கக்கூடும். எனவே வரிசை மாற்றத்தையும் பிடிக்கிற பிரிவென்டர் போடுங்கள், ஒரு ஃபேஸ் போனால் மட்டும் நிறுத்துகிற வெறும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் போதாது. முதல் முறை கப்ளிங்கைக் கழற்றி வைத்துத் திசை பார்த்த பிறகு இணையுங்கள்.

5 எச்.பி.க்கு டி.ஓ.எல். (நேரடியாக லைனில் ஓட்டும்) ஸ்டார்ட்டர் போதும், ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரில் வையுங்கள், ஏழரை அளவில் இருக்கும். டிரிப் ஆகிறதே என்று பத்துக்குத் திருகுவதுதான் மோட்டார் எரியும் வழி.

பெல்ட் போட்டு இழுக்காதீர்கள், கியர் பம்பின் புஷ் பக்கவாட்டு இழுவை தாங்காது. பெல் ஹவுசிங் (மோட்டாரையும் பம்பையும் நேராகப் பிடிக்கும் கூடு), நடுவில் ரப்பர் உள்ள ஸ்பைடர் கப்ளிங், அதன் இரண்டு பாதிகளுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி. மேலே மூடி கட்டாயம். துண்டும் வேட்டியும் கட்டி வேலை பார்க்கிற இடம்.

விறகுமண்டி:
மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது, வேம்பு அருமையாகப் போகிறது. ஆனால் புளியில் முட்டி நிற்கிறது. கேஜ் முள் 40-க்கு வந்ததும் அதற்கு மேல் ஏறாமல் டகடகவென்று நடுங்குகிறது. மோட்டார் ஆம்பியரும் 5-ஐத் தாண்டவில்லை. ரிலீஃபைத் திருகினாலும் மாற்றமில்லை. சிலிண்டர் சீலைக் கழற்றச் சொல்கிறார் பட்டறைக்காரர்.

ஆயில்சீல்:
கழற்றாதீர்கள். முள் நடுங்குவதே விடை.

ரிலீஃபில் தூசி மாட்டியிருந்தால் முள் ஏதோ ஓர் எண்ணில் அசையாமல் நிற்கும். பிஸ்டன் சீல் போயிருந்தால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், எண்ணெய் சூடாக ஆக மோசமாகும். உங்களுக்கு நடக்கிறது வேறு. 40-ஐத் தொட்டதும் அன்லோடிங் வால்வு திறக்கிறது. அப்போது செக் வால்வு மூடி, சின்னப் பம்பின் எண்ணெயைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அது மூடவில்லை. சின்னப் பம்பின் எண்ணெயும் பின்னால் போய் அதே திறந்த வழியில் டேங்குக்குப் போகிறது, பிரஷர் விழுகிறது, அன்லோடிங் மூடுகிறது, மறுபடி 40, மறுபடி திறக்கிறது. அதுதான் அந்த டகடக.

மோட்டாரை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் அசைத்துப் பிரஷரை இறக்கிவிட்டு, செக் வால்வு கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள்.

சீல் சந்தேகம் தீரவில்லை என்றால் அதற்கும் கழற்றாமலே சோதனை உண்டு. ராடை முழுக்க வெளியே விட்டு மோட்டாரை நிறுத்துங்கள். மேலே சொன்னபடி பிரஷரை இறக்கிவிட்டு ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயை அடைத்து, சிலிண்டர் வாயின் கீழே வாளி வையுங்கள். மோட்டாரைப் போட்டு லீவரை முன்பக்கம் மட்டும் அழுத்துங்கள், பின்பக்கம் கை போகவே கூடாது. வாளியில் சொட்டினால் பரவாயில்லை, விடாமல் ஓடினால் சீல்.

விறகுமண்டி:
செக் வால்வுதான். சீட்டில் அரை விரற்கடை நீளத்துக்கு வெள்ளை டேப் துணுக்கு ஒட்டியிருந்தது. கேஜ் இணைப்பில் மட்டும் டேப் சுற்றியிருக்கிறார்கள். எடுத்துத் துடைத்து மாட்டியதும் முள் 160 வரை நேராக ஏறுகிறது. புளி பிளக்கிறது, ஆனால் ஈரமில்லாத பெரிய தூர் மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறது.

லேத்பட்டறை:
கறிக்கடைக்காரங்க வெட்டுக் கட்டைக்குப் புளியைத் தேடிப் போறது எதுக்குன்னு நினைச்சீங்க? நார் ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டு இருக்கும், கத்திக்கே பிளக்காது. நடுவுல ஆப்பு கொடுக்காதீங்க. ஓரத்துல ரெண்டு மூணு இஞ்ச் விட்டுச் சீவிக்கிட்டே சுத்தி வாங்க, கடைசியா நடுக்கட்டை மிஞ்சும். கவை உள்ள துண்டு தனியா சேரட்டும், அதை மரம் அறுக்கிற இடத்துல ரம்பத்துக்குக் கொடுத்துடலாம். இனி வாங்குற புளியையும் கருவேலத்தையும் வெட்டின ஈரத்தோட பிளந்து அடுக்கிக் காயப்போடுங்க. தென்னை கொண்டு வந்தா மட்டும் மிஷினை நிறுத்திடுங்க, அது பிளக்காது, ஆப்பைச் சுத்தி நாரா நசுங்கி மாட்டிக்கும்.

ஆயில்சீல்:
கேஜ் இணைப்புக்கும் ஒரு டவுட்டி வாஷர் வாங்கிப் போடுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் ரிட்டர்ன் ஃபில்டரை மாற்றுங்கள், வெல்டிங் பொரியும் மீதி டேப்பும் அதில்தான் சேர்ந்திருக்கும்.